சுருட்டி வைத்த போஸ்டர்

நம் துறையின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் அனுபவம் எழுதித் தரும்படி கேட்டு, இளம் உதவிப் பேராசிரியர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஓய்வு பெற்றவளிடம் இரண்டு பக்கம் கேட்டால் அது இரண்டு பக்கத்தில் நிற்காது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. வந்தவர்கள் கையோடு இந்த ஆண்டு மரபியல் கருத்தரங்கின் அழைப்பிதழையும் கொண்டு வந்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. சிறப்பு விருந்தினர்களின் படங்கள் இருந்தன, துணைவேந்தர் படம் கொஞ்சம் பெரிதாக இருந்தது, டி.என்.ஏ. முறுக்கேணி ஓரம் முழுக்க ஓடியது. தேதி மட்டும் இல்லை.

சொன்னேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அச்சடிச்சு முடிச்சாச்சு மேடம்" என்றார் ஒருவர், ஏதோ பிரசவமே முடிந்துவிட்ட குரலில்.

கவலைப்படாதீர்கள். தேதி இல்லாத அழைப்பிதழ் பெரிய தவறே இல்லை. ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டினால் சரியாகிவிடும். எதையும் ஒட்டிச் சரிசெய்ய முடியாத தவறு ஒன்றை இதே கருத்தரங்கில் நான் செய்திருக்கிறேன். நீங்கள் எல்லாம் சேர்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

காஞ்சிபுரத்தில் கருத்தரங்கு நடத்துவதில் ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வசதி என்னவென்றால், யாரைக் கூப்பிட்டாலும் வருவார்கள். இமயமலைத் தாவரங்களின் ஜீனோமைப் படிப்பவரும் வருவார், மீன் மரபணுக்காரரும் வருவார். தொல்லை என்னவென்றால், முதல் நாள் மதியத்துக்குள் எல்லாருடைய மனைவிமார் கொடுத்த பட்டியலும் வெளியே வந்துவிடும். மதிய அமர்வில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச்சாளர் பேசிக்கொண்டிருப்பார். கேட்க வேண்டியவர்கள் பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளில் முந்தானையை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்தவர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளாத மனிதர். "கருத்தரங்குல எது நடக்கலைன்னாலும் பரவால்ல, சாப்பாடு நடக்கணும்மா. விஞ்ஞானத்த அவங்க ஊருக்குப் போய்க் கூட பண்ணிப்பாங்க" என்பார். அவர் சொன்ன பல விஷயங்களில் பொய்யாகாமல் நிலைத்தது இது ஒன்றுதான்.

அந்த ஆண்டு ஒருங்கிணைப்பாளர் நான். என்னிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தவள் நித்யா. முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். விவசாயக் குடும்பத்துப் பெண். நான் எது சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பிறகு தனக்குச் சரி என்று பட்டதைச் செய்கிறவள். அவளுடைய ஆய்வு நிறப் பார்வைக் குறையைப் பற்றியது. சிவப்பையும் பச்சையையும் சிலரால் பிரித்துப் பார்க்க முடியாது அல்லவா, அதுதான். நெசவுத் தெருக்களில் போய் வீடு வீடாகப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டி, புள்ளிகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்பாள். முதல் சில மாதங்கள் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் காபிதான்.

தணிகாசலம் என்றொரு நெசவாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணச் சேலை நெய்வதில் பேர் பெற்றவர். அரக்கு உடலும் பச்சைக் கரையும் வைத்து அவர் கோர்த்து நெய்தால் இரண்டு நிறமும் சேருமிடம் தெரியாது என்பார்கள். அவரிடமும் நித்யா புத்தகத்தை நீட்டியிருக்கிறாள். "கண்ணாடி எடுத்துக்கினு வரலபா" என்று சொல்லி நழுவிவிட்டார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி கன்னியம்மா பஸ் நிறுத்தத்துக்கே வந்து நித்யாவைப் பிடித்தார். "எங்க வூட்டுக்காரருக்கு அது இருக்குது. எங்க அப்பாவுக்கும் இருந்துது. இப்ப எம் பொண்ணும் பச்சப் பாவாடைய செவப்புங்கறா. பொம்பளப் புள்ளைக்கும் வருமா, பாத்துச் சொல்லுமா. ஆனா வெளிய மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது."

தெரியக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. தணிகாசலத்துக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து நெய்து வாங்குபவர் ஒரு முதலாளி. அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் பல தறிகளுக்கு அவர்தான் நூல் கொடுக்கிறார். சிவப்பு தெரியாதவரிடம் யார் கல்யாணச் சேலைக்கு நூல் கொடுப்பார்கள்? விஷயம் வெளியே வந்தால் அந்தக் குடும்பம் சாப்பிடுகிற சோற்றில் கை வைத்தது போலாகும்.

அப்படியானால் அவர் எப்படி நெய்தார் என்று கேட்பீர்கள். நித்யாவும் கேட்டாள். கன்னியம்மா நூல் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். கட்டியிருந்த கயிற்றின் நுனியில் முடிச்சு. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, இரண்டும் இல்லாத நிறத்துக்கு வெறும் கயிறு. தணிகாசலத்தின் விரல் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். கன்னியம்மாவின் அம்மா தன் புருஷனுக்குப் போட்ட முடிச்சு அது. மகளும் அதே குறையுள்ள அத்தை மகனைக் கட்டிக்கொண்டு அதே முடிச்சைப் போட்டார். சீர்வரிசையில் சொல்லப்படாத சாமான்.

விஞ்ஞானத்துக்கு இது விருந்து. இந்தக் குறை தாய் வழியாக வந்து பெரும்பாலும் ஆண்களிடம் வெளிப்படும். ஒரு பெண்ணிடம் வெளிப்பட வேண்டுமானால் அப்பாவுக்குக் குறை இருக்க வேண்டும், அம்மாவும் அந்த மரபணுவைச் சுமந்திருக்க வேண்டும். மாமன் மகளைக் கட்டுகிற நம் ஊர் வழக்கத்தில் அது இந்த வீட்டில் நடந்துவிட்டது. வம்சாவளிப் படத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவர்களை மையிட்டு நிரப்புவோம் என்பது உங்களுக்குத் தெரியும். நிரப்பிய வட்டம் கிடைப்பது அபூர்வம். நித்யாவுக்குக் கிடைத்திருந்தது. நான் தூக்கத்தில்கூடச் சிரித்தேன் என்று என் கணவர் சொன்னார்.

இப்போது என் தவறுகள். முதலாவது, போஸ்டர். நித்யா முதலில் போட்டுக்கொண்டு வந்த போஸ்டரில் வம்சாவளிப் படமும் மரபணு வரைபடமும் மட்டும் இருந்தன. நான்தான் உதட்டைப் பிதுக்கினேன். "எல்லாம் சரி நித்யா, மனுஷ வாசனையே இல்லையே. அந்த முடிச்சுப் படத்த நடுவுல பெருசா போடு."

"போடலாமா மேடம்? அவங்க வேணாம்னுவாங்களோ?"

"முகம் தெரியாத படம் போடலாம்னு கையெழுத்து வாங்கியிருக்கியா இல்லையா? முடிச்சுக்கு முகம் உண்டா?"

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. மேலே "பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பம் ஒன்று" என்று ஆங்கிலத்தில் தலைப்பு வைக்கச் சொன்னதும் நான்தான். ஊர்ப் பெருமை.

இரண்டாவது தவறு இன்னும் அழகானது. விருந்தினர்களுக்குப் போர்த்தப் பட்டு அங்கவஸ்திரம் வேண்டும். நம் ஊரில் அது இல்லாமல் கருத்தரங்கு உண்டா? நித்யாவுக்கு உதவிய குடும்பத்துக்கு நம்மாலான மரியாதையாக இருக்கட்டும் என்று அந்த முதலாளியிடமே சொல்லி, தணிகாசலம் கையால் நெய்து வாங்கினேன். அதோடு நிற்காமல் தணிகாசலத்தையும் கன்னியம்மாவையும் முதலாளியையும் கருத்தரங்குக்கே அழைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் பல்கலைக்கழகச் செலவில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை. சிறப்பு விருந்தினர் வடக்கேயிருந்து வந்த பெரிய விஞ்ஞானி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது போல, அவருடைய காருக்கு முன்பு மூன்று பேர் ஓடி வந்தார்கள். அங்கவஸ்திரம் போர்த்தினோம். அரக்கில் பச்சைக் கரை. அவர் தொட்டுப் பார்த்து மயங்கினார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து, "இதை நெய்த கலைஞர் இதே அரங்கில் இருக்கிறார்" என்று சொல்லி, தணிகாசலத்தை எழுந்து நிற்கச் சொன்னேன். வெள்ளை வேட்டியில் எழுந்து நின்று கும்பிட்டார். அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. முதலாளி அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். பெருமையாக அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரே காலையில் மனிதரை மேடைக்கு முன்னால் நிறுத்தி அடையாளம் காட்டிவிட்டு, அவருடைய கண்ணைக் கொண்டுபோய் வெளிக்கூடத்தில் மாட்டியிருந்தேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெளிக்கூடத்தில் போஸ்டர்கள் இருந்தன. சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியும் வருகிற வழியும் அதுதான். போஸ்டர்களை நாலு பேர் பார்க்க வேண்டுமானால் சோற்று வழியில் வை என்பது நான் கண்டுபிடித்த உத்தி. அந்த ஆண்டு போஸ்டர் பரிசு சாதாரணமானதல்ல. முதலில் வருகிறவருக்கு அந்த விஞ்ஞானி தம் ஆய்வகத்தில் ஒரு வருடம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். நித்யாவுக்கு உதவித்தொகை முடிகிற நேரம். நிரப்பிய வட்டத்தை வைத்துக்கொண்டு அவள் தோற்பதற்கு வழியே இல்லை என்று நான் நம்பினேன். அவளும் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

விஞ்ஞானியையும் சேர்த்து நடுவர்கள் மூவர் முதல் போஸ்டரில் ஆரம்பித்திருந்தார்கள். நான் பந்தியில் கோயில் இட்லி எல்லாருக்கும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். கன்னியம்மா.

"டீச்சரம்மா, ஒரு நிமிசம் வாங்களேன்."

கூட்டிக்கொண்டு போனார். நித்யாவின் போஸ்டருக்கு முன்னால் போய் நின்றார். நித்யா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

"எல்லாம் இங்கிலீசுல இருக்குதே, நமக்கு இன்னா தெரியப் போவுதுன்னு பாத்துக்கினே வந்தேன். இத்த மட்டும் படிக்க முடிஞ்சுது." நடுவில் பெரிதாக இருந்த முடிச்சுப் படத்தைக் காட்டினார். "இது என் கை."

"பேர் போடல கன்னியம்மா. முகம் கூட இல்ல" என்றேன்.

"பேரு எதுக்கு டீச்சரம்மா? மீதி நூலு முதலாளிக்குத் திருப்பிக் குடுக்கறோம் இல்ல, அப்ப முடிச்சோட தான போவுது. இந்த ஊர்ல வேற யாரும் இப்படிப் போட மாட்டாங்க." குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்க எங்க வூட்டுக்காரர எழுப்பி நிக்க வெச்சீங்க. எம்மாம் சந்தோசப்பட்டாரு தெரியுமா? இப்ப முதலாளி சாப்ட்டுட்டு இப்படித்தான் வருவாரு."

"எங்க இருக்காரு?"

"கை கழுவிக்கினு இருக்காரு."

பணியில் நெருக்கடி என்றால் நீங்கள் குளிர்பதனப் பெட்டி நின்றுபோய் மாதிரிகள் கெட்டுப்போவதை நினைப்பீர்கள். அதற்கெல்லாம் தொலைபேசி எண் உண்டு. இதற்கு யாரைக் கூப்பிடுவது? போஸ்டரைக் கழற்றினால் நித்யாவின் வருடம் போகும். கழற்றாவிட்டால் தணிகாசலத்தின் பிழைப்பு போகும். கை கழுவ ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் செய்ததைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். முதுகைப் போஸ்டரில் ஒட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தபடி. என் உடம்பைப் பற்றித் துறையில் பலவிதமாகப் பேசுவார்கள் என்று தெரியும். அன்று ஒரு நாளாவது அது ஆராய்ச்சி நெறிமுறைக்குப் பயன்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயே போய் மறைக்க நின்றது அன்றுதான்.

முதலாளி வந்தார். வாயில் வெற்றிலை. என்னைப் பார்த்ததும் நின்றார். "சாப்பாடு நல்லா இருந்துது டீச்சரம்மா. நீங்க சாப்டலையா?"

"இதோ."

"சால்வ ஐயாவுக்குப் புடிச்சுதா?"

"ரொம்ப."

"தணிகாசலம் கை அப்படி." அவர் நகரவில்லை. என்னையும் என் தலைப்பையும் பார்த்தார். "உக்காருங்களேன், கால் வலிக்கப் போவுது."

"நிக்கறது நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். எந்த டாக்டர் என்று அவர் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

இந்தப் பக்கம் இப்படி இருக்க, அந்தப் பக்கம் நடுவர்கள் மூவரும் வந்துவிட்டார்கள். அங்கவஸ்திரம் போர்த்தியபடியே வந்த விஞ்ஞானி, வம்சாவளிப் படத்தின் ஒரு மூலை என் தோளுக்கு அப்பால் தெரிந்ததைக் கண்டு கண்களைச் சுருக்கினார். நிரப்பிய வட்டத்தைப் பார்த்துவிட்டார். ஆர்வமாகி, "மேடம், கொஞ்சம் நகர்ந்து நிற்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார்.

அப்போது நித்யா ஓடி வந்தாள். ஒப்பித்து வைத்திருந்ததை மூச்சு வாங்கியபடி ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் முடியவில்லை. நான் நிற்கிற நிலையைப் பார்த்தாள். எனக்கு வலப்பக்கம் முதலாளி நிற்பதைப் பார்த்தாள். தூண் ஓரமாகக் கன்னியம்மா முந்தானை நுனியைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் என் மூளை எப்படி இரண்டையும் காப்பாற்றலாம் என்றுதான் கணக்குப் போட்டது. நிகழ்ச்சி நிரல் தாள் ஒன்றை எடுத்து முடிச்சுப் படத்தின் மேல் ஒட்டிவிட்டால்? முதலாளியைச் சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் அழைத்துப் போனால்? தலைப்பில் ஊர் பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, காலையில்தான் ஆளையும் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். ஒரு தாளை ஒட்டி எதை மறைப்பது? ஆனால் எனக்கு அந்த நிரப்பிய வட்டத்தை விட மனம் வரவில்லை. நெறிமுறைக் குழுவில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவள் நான்.

நித்யா கணக்குப் போடவில்லை. "மேடம், கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். நான் தள்ளவில்லை. அவளே என் தோளுக்கு மேலே கையை நீட்டி, மேல் மூலைகள் இரண்டிலும் டேப்பைப் பிய்த்தாள். போஸ்டர் என் தலைமேலேயே வழிந்து விழுந்தது. அதற்குள்ளிருந்து நான் வெளியே வருவதற்குள் அவள் படம் உள்பக்கம் இருக்கும்படி சுருட்டி முடித்துவிட்டாள்.

"சார், இது இன்னும் முடியல. இன்னைக்குக் காட்ட முடியாது" என்று விஞ்ஞானியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "காட்டாத போஸ்டருக்கு நாங்கள் மதிப்பெண் போட முடியாதே அம்மா."

"தெரியும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். வழிகாட்டி நான் அல்லவா? நானாவது ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். கூந்தலில் டேப் ஒட்டிக்கொண்டிருந்த நிலையில் நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் என் பங்கு. மூவரும் அடுத்த போஸ்டருக்குப் போனார்கள். அது நெல்லில் உப்பைத் தாங்கும் மரபணு. பரிசும் அதற்கே போனது. நல்ல ஆய்வுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டு மாதம் எனக்கு உப்புப் போட்ட சோறு இறங்கவில்லை.

முதலாளி வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். கன்னியம்மா கிட்டே வந்து, நித்யாவின் கையிலிருந்த சுருளை வாங்கி, தன் கைக்குட்டையைக் கிழித்து அதன் நடுவில் கட்டினார். முடிச்சுப் போடப் போனவர் ஒரு கணம் நிறுத்தி, முடிச்சே போடாமல் நுனியைச் செருகிவிட்டார். மூவரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டோம். பிறகு கன்னியம்மாவின் கண் கலங்கியது, அவசரமாகப் போய்விட்டார்.

அன்று மாலை நித்யா என் அறைக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"மேடம், படம் போடச் சொன்னது நீங்க தான்னு ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு."

"அவங்கள வரச் சொன்னதும் நீங்க தான்."

"ஆமாம்."

"அப்ப டீயும் நீங்க தான் வாங்கித் தரணும்" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். பாதி டீயில் அழுதாள். எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அதை அவளிடம் சொன்னேன். என் பணிக்காலத்தில் ஒரு மாணவியிடம் நான் சரியாகச் சொன்ன விஷயங்களில் அது ஒன்று.

கதை இதோடு முடிந்திருந்தால் தியாகம், நேர்மை என்று ஒரு தாம்பாளத்தில் வைத்து உங்களுக்கு நீட்டியிருப்பேன். முடியவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொரு விழாவுக்கு அங்கவஸ்திரம் சொல்ல முதலாளியின் கடைக்குப் போனேன். அவர் கடைப் பெண்ணை உள்ளே ஏதோ எடுத்து வர அனுப்பிவிட்டு, எனக்குத் தண்ணீர் வைத்தார்.

"அன்னிக்கு நீங்க அப்படி மறைச்சிக்கினு நின்னீங்களே டீச்சரம்மா. உங்க தோளுக்கு மேலயே தெரிஞ்சுது."

தம்ளரைக் கீழே வைத்தேன்.

"கன்னியம்மா முடிச்சு எனக்குத் தெரியாதா? எத்தினி வருசமா அந்த நூலு எங்கிட்டத் திரும்பி வருது. மொதல்ல புரியல. அப்பறம் ஒரு வாட்டி அவுரு கடைக்கு வந்தப்ப, அந்தச் செவப்பு எடுங்கன்னேன். பச்சய எடுத்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. வாங்கி வெச்சிக்கினேன்."

"இத்தனை வருஷமாவா?"

"ஒரு வருசம் அந்தம்மா காய்ச்சல்ல படுத்துக்கினாங்க. கல்யாண சீசனு. நானே நூலுக்கு முடிச்சு போட்டு அனுப்பினேன். அந்தம்மா போட்டுதுன்னு அவுரு நெனச்சிருப்பாரு. காய்ச்சல் மயக்கத்துல தானே போட்டோம்னு அந்தம்மா நெனச்சிருக்கும். ஒரு சேல கூடத் தப்பாவல."

எனக்குக் கோபம்தான் வந்தது. சிரிக்கத் தோன்றாத கோபம். "அப்படின்னா அந்தப் பொண்ணு போஸ்டரைக் கழற்றியிருக்கவே வேண்டாமே. ஒரு வருஷம் போச்சு அவளுக்கு. உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்ற பார்வை.

"எனக்குத் தெரியும்ங்கறது வேற டீச்சரம்மா. ஊருக்குத் தெரிஞ்சா நானும் தெரிஞ்ச மாதிரி நடந்துக்கணும் இல்ல? அவருக்கா கல்யாணச் சேல குடுக்கறன்னு நாலு பேரு கேப்பான். பொண்ணு வூட்டுக்காரங்க கேப்பாங்க. அப்ப நான் குடுக்காம நிறுத்தணும், இல்லாட்டி எல்லாரோடயும் சண்ட போடணும். ரெண்டும் என்னால ஆவாது. அந்தப் பொண்ணு சுருட்டுச்சே, எனக்குந்தான் சுருட்டுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்னு அவுங்களுக்குத் தெரிய வாணாம். தெரிஞ்சுதுன்னா அவுரு கை நடுங்கும்."

சரி என்றேன். நெறிமுறைக் குழுவில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியும் பிடிபடாத ஒன்றை அவர் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். ஒருவரைப் பற்றிய உண்மை யாருக்குத் தெரியும் என்பது மட்டுமே கேள்வி என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் தெரியாதது போல நடந்துகொள்ள இடம் விட்டிருக்கிறோமா என்பதும் கேள்வி. அந்த இடத்தில்தான் ஒரு குடும்பம் நெய்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் அதில் போஸ்டர் மாட்டப் பார்த்தேன்.

நித்யாவுக்கு அந்த இடம் போனது போனதுதான். சிரமப்பட்டுத்தான் ஆய்வை முடித்தாள். ஆய்வேட்டில் ஊர் இல்லை, தொழில் இல்லை, படம் இல்லை, வம்சாவளியில் தேவையில்லாத கட்டங்களை எடுத்துவிட்டாள். தேர்வாளர் ஒருவர் "விவரங்கள் போதவில்லை" என்று குறிப்பு எழுதினார். அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாள். இப்போது வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறாள். இந்த ஊருக்கு வந்தால் எனக்கு டீ வாங்கித் தர மாட்டாள், என்னைத்தான் வாங்கித் தரச் சொல்வாள். போஸ்டர் என் அலமாரியில் சுருட்டியபடி இருக்கிறது. ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள் மேடம் என்று நீங்கள் கேட்டீர்கள். கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு பேசிவிட்டு இதை அச்சில் போடுகிறாளே என்று உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் இந்நேரம் புருவத்தை உயர்த்தியிருப்பார். அவரைத்தான் அடுத்த ஒருங்கிணைப்பாளராகப் போட வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன் என்று சொன்னால் அவருக்குப் போதாது. போதவும் கூடாது. பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.

மற்றவர்களில் இரண்டு பேராவது இந்தச் சனிக்கிழமை சேலை எடுக்கிற சாக்கில் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போய், நூல் கட்டுகளில் முடிச்சு இருக்கிறதா என்று கண்ணை ஓட்டுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். தாராளமாகப் போய்த் தேடுங்கள்.

அது முடிச்சே இல்லை.